கடைசிப் பந்தி

சென்ற ஆவணியில் எங்களுக்குத் திருமணமாகி இருபது ஆண்டுகள் நிறைந்தன. அதனை முன்னிட்டு நானும் என் மனைவியும் புதுச்சேரிக்குச் சென்று, கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில், பிரெஞ்சு உணவகம் ஒன்றில் இரவுணவு உண்டு வந்தோம். யோசனை என்னுடையதன்று. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் பழைய மாணவர், பிரான்சிலிருந்து வரும் பையர்களோடு பழகி அவ்வுணவில் ருசி கண்டவர், "அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒருக்காப் போயிட்டு வாங்க சார்" என்று வற்புறுத்தியதன் விளைவு அது.

திரும்பி வந்து துறை அறையில் இதைச் சொன்னபோது சக பேராசிரியர் ஒருவர் சிரித்தார். "விருந்தோம்பல் பாடம் நடத்துற நீங்களே முள்கரண்டியத் தூக்கிட்டீங்களா?" என்றார். அந்தக் கேலிக்கு அப்போது விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு கிடைத்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடு அது. வெள்ளைத் துணி விரித்த சிறிய மேசைகள். உணவுப் பட்டியலில் பாதிச் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. பரிமாற வந்த இளைஞர், முகத்தில் ஏளனத்தின் சாயல்கூட இல்லாமல், ஒவ்வொன்றையும் தமிழில் விளக்கினார். முதலில் சூப், பிறகு மீன், பிறகு பாலாடைக்கட்டி, இறுதியில் இனிப்பு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கால்மணி நேரம். அந்த இடைவெளிதான் முதலில் எங்களைத் தொல்லைப்படுத்தியது. ஷிப்டு மணியையும் ஷிப்மெண்ட் தேதியையும் கொண்டு நாளை அளக்கும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். எங்களூரில் சோறு என்பது இரண்டு வேலைகளுக்கு நடுவே முடித்துவிட வேண்டிய இன்னொரு வேலை.

மீன் வந்து போனபின் மனைவி பேசத் தொடங்கினார். நாங்கள் வீடு கட்டிப் புகுந்த நாளில், வந்தவர்கள் எல்லாம் உண்டெழுந்த பின் மாலை நான்கு மணிக்குத் தாம் இலை முன் அமர்ந்ததையும், அப்போது ரசமும் மோரும் மட்டுமே மிஞ்சியிருந்ததையும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, ஏதோ நினைவு வந்ததுபோலச் சொன்னார். அன்றைய விருந்தின் சிறப்பைப் பற்றி நான் பல ஆண்டுகளாகப் பெருமை பேசி வந்திருக்கிறேன். இச்செய்தி எனக்குத் தெரியாது. பிறகு அவர் சொன்னார்: "நடுவுல எந்திரிக்காம முழுசா ஒருவேளைச் சோறு உண்டது இன்னைக்குத்தானுங்க."

ஒன்றன்பின் ஒன்றாக உணவைக் கொண்டுவருவது பிரெஞ்சுக்காரரின் பண்பு, அனைத்தையும் ஒரே இலையில் படைப்பது நம் பண்பு என்று நாம் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. பிரான்சின் பழைய பெருவிருந்துகளில் பலவகை உணவுகளை ஒருசேர மேசைமேல் பரப்புவதே வழக்கம். அதற்குத்தான் 'பிரெஞ்சு முறை' என்று பெயர். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் அங்கே பரவியபோது, அதனை அவர்கள் 'ருஷ்ய முறை' என்றே அழைத்தார்கள். 'ரெஸ்டாரண்ட்' என்ற சொல்லும் முதலில் உணவகத்தைக் குறித்ததன்று. உடலைத் தேற்றும் ஒருவகைச் சாற்றின் பெயர் அது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் அச்சாற்றை விற்ற கடைகளுக்கு அப்பெயர் ஏறியது. அதற்குமுன் வெளியில் உண்பவர், குறித்த நேரத்தில், பொது மேசையில், வைத்ததை உண்டெழ வேண்டியிருந்தது. தனி மேசை, தனிப் பட்டியல், விரும்பிய நேரம் என்பவை புதிய கடைகளின் கொடை.

பிரெஞ்சுக்காரரின் விருந்துணவு முறையை யுனெஸ்கோ 2010இல் மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அப்படிச் சேர்க்கப்பட்டது தனியொரு பதார்த்தம் அன்று. பிறப்பு, திருமணம், வெற்றி, மீண்டும் சந்தித்தல் ஆகிய தருணங்களில் மனிதர்கள் கூடியமர்ந்து, குறைந்தது நான்கு கட்டங்களாக, பொறுமையாக உண்ணும் வழக்கமே பட்டியலில் இடம்பெற்றது. அதாவது, சிறப்பு உணவில் இல்லை, அமர்ந்திருப்பதில் இருக்கிறது.

இனி நம் பக்கம் வருகிறேன். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். மாதரி வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். காய் அரிந்து விரல் சிவந்ததையும், முகம் வியர்த்ததையும், கண் சிவந்ததையும் இளங்கோ சொல்கிறார். அவள் இலை விரிக்கிறாள், கோவலன் உண்கிறான், அவனுக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்கிறாள். அவள் உண்டாளா? காப்பியம் சொல்லவில்லை. இருபதாண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்திய எனக்கும் அக்கேள்வி தோன்றியதில்லை. புதுச்சேரி மேசையில்தான் தோன்றியது. விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்தேன் என்று வருந்திய அதே கண்ணகியை, ஒருநாளேனும் விருந்தாக அமர்த்தியவர் யார்?

கொங்கு நாட்டு விருந்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. சந்தகையும் ஒப்பிட்டும் கச்சாயமும் அளிக்கும் நிறைவை எந்தப் பாலாடைக்கட்டியும் எனக்கு அளித்துவிடாது. ஆனால் நம் வீட்டு விருந்துகளில், சமைத்தவள் கடைசிப் பந்தியில்தான் அமர்கிறாள், அதையும் அவளுடைய பெருமையாகவே பாடுகிறோம். பனியன் கம்பெனியில் எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ செக்கிங் மேசை முன் நின்றுவிட்டு வரும் பெண்ணுக்கும் வீட்டில் இதே வரிசைதான். அவள் சம்பளம் வாங்கத் தொடங்கியபின்னும் பந்தியின் வரிசை மாறவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். அன்றிரவு நாங்கள் செலுத்திய தொகை, எங்கள் தெருவிலிருந்து வேலைக்குப் போகும் ஒரு செக்கிங் பெண்ணின் ஒருவாரக் கூலிக்கு மேல். என் மனைவி எழாமல் உண்பதற்காக உள்ளே வேறு சிலர் அடுப்பின் முன் நின்றார்கள். இப்போது பிரெஞ்சுச் சமையலறைகளில் 'வடூவான்' என்று வழங்கும் மசாலாவே நம் வடகத்தின் வழிவந்ததுதான். வெயிலில் மொட்டைமாடியில் அதை உருட்டிக் காயவைத்த புதுச்சேரிப் பெண்களின் பெயரை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. எனவே உணவகம் இச்சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. ஒருநாள் இரவுக்கு, பணம் வாங்கிக்கொண்டு, அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது. அவ்வளவுதான். ஆனால் அதுவும் சிறிய காரியமன்று.

சக பேராசிரியருக்கு என் விடை இது. விருந்து என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியலும் புதிதாகப் புனையும் செய்யுளுக்கு அச்சொல்லையே ஆள்கிறது. புதிதாக வந்தவர் என்பதால்தான் வீட்டுக்கு வருபவர் விருந்து ஆனார். இருபதாண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவர் அன்று எனக்கு எதிரே புதியவராக அமர்ந்திருந்தார். என் வரையில் அது விருந்தோம்பலை மீறியதன்று; நான் காலம் தாழ்த்திக் கற்ற பாடம்.

தீபாவளியன்று எங்கள் வீட்டில் ஆண்கள் பரிமாறினோம். சாம்பாரைச் சிந்தினோம், உப்பை மறந்தோம். முதல் பந்தியில் அமர்த்தப்பட்ட என் தாயார் இருமுறை எழ முயன்றார். "நீங்க உண்ணுங்கம்மா" என்று இருமுறையும் அமர்த்தினேன். மூன்றாம் கவளம்வரை அவர் கண் அடுப்படியிலேயே இருந்தது. எழுபது ஆண்டுப் பழக்கம் ஒரு வேளையில் போய்விடாது. பொங்கலுக்கும் நாங்களே பரிமாறுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.