புள்ளியியல் நமக்கு வருமா?

பொருளாதாரம், வணிகவியல், உளவியல் என்று விரும்பிய பாடத்தை எடுத்துக் கல்லூரி செல்லும் அக்காமார் பலர், அங்கே புள்ளியியல் என்றொரு தாள் காத்திருப்பதைக் கண்டு திகைக்கின்றனர். "கணக்கு வேண்டாம் என்றுதானே இந்தக் குரூப்பை எடுத்தோம்!" என்று அவர்கள் புலம்புவதை நாம் கேட்டிருக்கிறோம். பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்று நம் வீடுகளில் பேச்சு நடக்கும் இவ்வேளையில், அந்தப் பயம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது.

2003-ஆம் ஆண்டில் சாரா ஃபின்னி, கிரெகரி ஷ்ரா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கல்லூரி மாணவர்களின் இந்த நம்பிக்கையை அளக்க இருவகை வினாக்களை அமைத்தனர். 'இதை இப்போது உன்னால் செய்ய முடியுமா?' என்பது ஒருவகை. 'இதைக் கற்றுக்கொள்ள உன்னால் முடியுமா?' என்பது மற்றொன்று. பாடம் முடிந்தபோது மாணவர்களின் நம்பிக்கை உயர்ந்திருந்தது. நம்மிடமோ முதல் கேள்வியை மட்டுமே எல்லோரும் கேட்கின்றனர். 'தெரியாது' என்றதும் 'உனக்கு வராது' என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றனர். பெண்பிள்ளை என்றால் தீர்ப்பு இன்னும் விரைவாக வந்துவிடும்!

கோவையில் வாழும் நாம் புள்ளியியலை அந்நியமாக எண்ணுவது வேடிக்கை அன்றோ? பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் மாறுபாட்டுக் கெழு, இங்குள்ள நூற்பாலைகளில் 'சி.வி.' என்ற பெயரில் அன்றாடம் வழங்குகிறது. 120 கஜம் நூலை அளந்தெடுத்து, எடை போட்டு, அதன் நம்பரைக் காண்கிறார்கள். இப்படிப் பலமுறை கண்ட நம்பர்களின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சி.வி. கிடைக்கும். சராசரி சரியாக 40 என்றே வந்தாலும், 38-ம் 42-ம் கலந்து வரும் நூலை நெசவாளர் விரும்பமாட்டார். துணியில் அந்தக் குறை தெரிந்துவிடும். நூல் சோதனைக்குப் பெயர்பெற்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும் 1956 முதல் நம் கோவையில்தான் இருக்கிறது.

ஆனால் வகுப்பில் நாம் செய்வதென்ன? புத்தகத்து எண்களைச் சூத்திரத்தில் போட்டு விடை எழுதுகிறோம். மதிப்பெண் வருகிறது. விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால் விழிக்கிறோம். இப்படிப் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் நம்பிக்கை எங்கிருந்து வரும்?

சூத்திரத்துக்கு முன்பே, சம நீளமுள்ள நூல் துண்டுகளைக் கொடுத்து, ஆய்வகத் தராசில் எடை போடச் சொல்லலாம். அது இயலாவிட்டால் போத்தனூர் ஜங்ஷன் இருக்கவே இருக்கிறது. ஒரே வண்டி ஒரு மாதத்தில் தினமும் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தது என்று குறித்துத் திட்ட விலக்கம் காணலாம். சிஸ்டர் அனுமதி தந்தால் நாளைக்கே நோட்டுப் புத்தகத்துடன் புறப்பட நாங்கள் தயார்.