வேலை பார்த்த எஞ்சின் ஏன் சீக்கிரமே தேய்கிறது? தோணிரேவு படகுக்கும் உங்கள் காருக்கும் ஒரே பதில்தான்!

சிலிண்டரை ரீபோர் செய்து, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டாச்சு. ‘இனி புது எஞ்சின் மாதிரி ஓடும்’ என்று சொல்லி பட்டறையில் இருந்து அனுப்பியாச்சு. ஆனால், சில மாதங்களிலேயே நீலப் புகை வருகிறது, ஆயில் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. திரும்பக் கொண்டுபோனால் மெக்கானிக் லேத் பட்டறையைக் கை காட்டுவார். லேத்காரர், பார்ட்ஸ் சரியில்லை என்பார். பார்ட்ஸ் கடைக்காரரோ, ஓட்டின விதம் சரியில்லை என்பார்.

கார் வைத்திருப்பவருக்கு இது செலவு, எரிச்சல். பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு போன்ற மீனவக் கிராமங்களில் இது அன்றைய வருமானம். முகத்துவாரத்தைத் தாண்டும்போது அலையில் எஞ்சின் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான், ‘என் நேரம் சரியில்லை’ என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

எஞ்சின் வேலை என்றால் என்ன நடக்கிறது?

தேய்ந்த சிலிண்டரை 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவதுதான் ரீபோர். கடைந்த பிறகு, ஹோனிங் கல்லால் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போடுவார்கள். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். கிராங்க் தேய்ந்திருந்தால் அதைக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அளவில் பேரிங் போடுவார்கள்.

இத்தனை வேலையும் கடைசியில் ஒரே விஷயத்தில் வந்து நிற்கிறது: இடைவெளி. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தலைமுடியின் தடிமனை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்த அளவு. இறுக்கமாக இருந்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தளர்வாக இருந்தால் பிஸ்டன் ஆடி, ரிங் தேயும். ஆக, ‘எல்லாம் புது பார்ட்ஸ்’ என்பது பாதி பதில்தான். எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்பது மீதிப் பாதி.

முதல் வில்லன்: கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

ஹோனிங் முடிந்ததும் சிலிண்டர் சுவரில் கல் துகளும் இரும்புத் தூளும் ஒட்டியிருக்கும். டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றித் துடைத்தால் ஆயில்தான் போகும், துகள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவதுதான் சரியான முறை. பிறகு ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணி கறுக்காமல் வரும்வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். கழுவிய கையோடு ஆயில் பூசாவிட்டால், கடற்காற்றில் துரு பிடிக்க அதிக நேரம் ஆகாது.

இது சின்னப் பட்டறைகளின் பிரச்சினை மட்டும் இல்லை. 2015ல் ஹூண்டாய் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 4.7 லட்சம் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. கிராங்க் கடைசலில் வந்த உலோகத் துகள் முழுதாக நீக்கப்படாமல், பேரிங்குக்குப் போகும் ஆயிலைத் தடுத்ததே காரணம். 2024ல் டொயோட்டாவும் அங்கே சுமார் 1.02 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அதற்கும் எஞ்சினுக்குள் தங்கிப்போன கடைசல் துகள்தான் காரணம். அவ்வளவு பெரிய தொழிற்சாலைகளிலேயே நடக்கிறது என்றால், புழுதி பறக்கும் ரோட்டோரப் பட்டறையில் கழுவும் வேலை எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த மூன்று காரணங்கள்

*அளக்காமல் கடைவது:* ஒரே சைஸ் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பிஸ்டன்களுக்குள் நுண்ணிய வித்தியாசம் இருக்கலாம். கையில் இருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் சிலிண்டரைக் கடைய வேண்டும். கடைந்தபின் மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து பார்க்க வேண்டும்.

*முதல் சில மணி நேரம்:* புது ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று பழகுவது இந்த நேரத்தில்தான். ‘மெதுவா ஓட்டுங்க’ என்ற அறிவுரையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, மணிக்கணக்கில் ஐடிலில் விடுவது வழக்கம். அப்படி விட்டால் ரிங் சுவரோடு சரியாக உட்காராது, சுவர் கண்ணாடி போல வழவழப்பாகிவிடும். பிறகு ஆயில் எரிவது நிற்காது. மிதமான பாரத்தில், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுவதே சரி. முதல் ஆயிலையும் ஃபில்டரையும் வழக்கமான கெடுவுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

*பழைய நோயைத் தேடாதது:* முதலில் எஞ்சின் ஏன் தேய்ந்தது? கிழிந்த ஏர் ஃபில்டரா, டீசல் ஒழுகும் இன்ஜெக்டரா, அடைபட்ட கூலிங் குழாயா? அதைச் சரிசெய்யாமல் புது பிஸ்டன் போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் புது வர்ணம் அடிப்பது போலத்தான். ஒழுகும் இன்ஜெக்டர் ஒன்று போதும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலை டீசல் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஏரியில் கூடுதலாக என்ன பிரச்சினை?

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரிக்குள் துடுப்பும் கோலும் போட்டுப் போகலாம். கடலுக்குப் போக ஃபைபர் படகும் எஞ்சினும் வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைபடுவது இங்கே பல வருடத் தொல்லை. அதை மீன்வளப் பிரச்சினையாகவே பேசுகிறோம். எஞ்சினுக்கும் அது பிரச்சினைதான்.

ஆழம் குறைந்த இடத்தில் புரொப்பெல்லர் மணலில் உரசும். படகைத் தள்ள எஞ்சினை முழு வேகத்தில் முறுக்க வேண்டியிருக்கும், கரும்புகை தள்ளும். புதிதாக வேலை பார்த்த எஞ்சினுக்கு இதைவிடக் கெட்ட தொடக்கம் கிடையாது. தண்ணீரை உறிஞ்சிக் குளிரும் எஞ்சினாக இருந்தால் மணலும் சேர்ந்து உள்ளே போகும். படகு பல நாள் சும்மா நின்றாலோ, உப்புக்காற்றில் சிலிண்டருக்குள் துரு படியும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது ரிங் அந்தத் துருவைச் சுரண்டிக்கொண்டுதான் நகரும். கேனில் வாங்கி வைக்கும் டீசலில் தண்ணீர் கலந்தால் பம்ப்பும் இன்ஜெக்டரும் கெடும்.

யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பிரித்த பார்ட்ஸே சாட்சி சொல்லும். மேல் ரிங்கும் சிலிண்டரின் மேல்பகுதியும் அதிகம் தேய்ந்திருந்தால், தூசி காற்றோடு உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். அதாவது ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். பேரிங்கில் துகள் பதிந்து கோடு கோடாக இருந்தால், ஆயிலோடு சுற்றிய அழுக்கு அது. எஞ்சின் கோர்க்கும்போதே சரியாகக் கழுவவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால், கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம்.

அதனால், பிரச்சினை வந்ததும் அவசரப்பட்டு வேறு இடத்தில் பிரிக்கக் கூடாது. புகையை வீடியோ எடுங்கள், ஆயில் அளவைக் குறித்து வையுங்கள், கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வேலை பார்த்தவருக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுதித் தகவல் சொல்லுங்கள். அவரையும் வைத்துக்கொண்டு பிரியுங்கள். பழைய பார்ட்ஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

சட்டத்தில் ஒரு ஓட்டை

சொந்தக் கார் வைத்திருப்பவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதில் குழப்பம் இல்லை. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். தான் வசிக்கும் மாவட்டத்திலேயே தரலாம். 1915 என்ற உதவி எண்ணும் உண்டு.

படகுக்காரருக்கு? வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்கிறது சட்டம். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு உண்டு. பழைய 1986 சட்டத்தில், 2002 திருத்தத்துக்குப் பிறகு, அந்த விலக்கு ‘வாங்கிய பொருள்’, ‘பெற்ற சேவை’ இரண்டையும் சொன்னது. 2019 சட்டத்தின் விளக்கத்தில் ‘பொருள்’ மட்டும்தான் இருக்கிறது. எஞ்சின் ரிப்பேரோ சேவை. பிழைப்புக்காக எஞ்சின் வேலை பார்த்த மீனவரும் ஆட்டோ ஓட்டுநரும் ‘நான் நுகர்வோர்தான்’ என்று முதலில் வாதாட வேண்டிய நிலைக்கு இது வழிவிடுகிறது. அந்த ஒரு சொல்லைத் திரும்பச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் கடமை. அதுவரை, பார்ட்ஸுக்கும் கூலிக்கும் தனித்தனியாக பில் வாங்கி வைப்பது நல்லது.

பட்டறையில் கேட்க வேண்டிய 5 விஷயங்கள்

- பழைய எஞ்சின் தேய்ந்ததற்குக் காரணம் என்ன, அது சரியாகிவிட்டதா?
- பிஸ்டன், சிலிண்டர், ரிங், பேரிங் இடைவெளி எவ்வளவு? எழுதித் தர முடியுமா?
- கடைந்த பிறகு எதை வைத்துக் கழுவினீர்கள்?
- முதல் ஆயில் எப்போது மாற்ற வேண்டும்?
- பிரச்சினை வந்தால் லேத் வேலைக்கும் சேர்த்துப் பொறுப்பு யார்?

என்ன மாற வேண்டும்?

எஞ்சின் வாங்க அரசு மானியம் தருகிறது. வாங்கிய எஞ்சினை ஒழுங்காக ரிப்பேர் செய்யும் வசதி பற்றிப் பேச்சே இல்லை. முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1980ல் தொடங்கிய சிஃப்ஸ் எனும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மீனவர்களுக்கான எஞ்சின் சர்வீஸ் பட்டறைகளையும் உதிரிபாக விற்பனையையும் நடத்திக் காட்டியிருக்கிறது. ஐடிஐகளில் டீசல் மெக்கானிக் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு மைக்ரோமீட்டர், ஒரு போர் கேஜ், ஒரு கம்ப்ரஷன் கேஜ் வைத்து மீன் இறங்குதளத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அளவை மையம் அமைக்க மீன்வளத் துறைக்குப் பெரிய செலவு ஆகாது. மானியத்தில் வாங்கிய எஞ்சினுக்கு வேலை பார்க்கும் பட்டறை, அளவுச் சீட்டு தர வேண்டும் என்று விதி போடலாம்.

நல்ல மெக்கானிக்குக்கும் இதில் லாபம்தான். அளவை எழுதிக் கொடுத்தவர் மேல் யாரும் சும்மா பழி போட முடியாது. இப்போது பேச்சை நம்பித்தான் எஞ்சின் கடலுக்குப் போகிறது. இனி, அளந்து எழுதிய சீட்டோடு போகட்டும்.