கழிவுக்குக் கழிவே மருந்தா?

ஆலையின் கழிவும் வயலின் கழிவும் ஒன்றையொன்று தீர்த்துவிடும் என்ற வாதம் செவிக்கு இனியது. உருக்காலைப் புறத்தே குவிந்து கிடக்கும் கசட்டை வயலோர வடிகாலில் நிரப்பினால், வழிந்தோடும் நீரிலுள்ள பொசுபரசு அதிலே தங்கிவிடும். ஆலைக்கு இடம் மிச்சம், வாவிக்கு நலம், விவசாயிக்குத் தொல்லையில்லை என்பர். எவருக்கும் நோகாத தீர்வுகளையே முதலில் ஐயுறவேண்டும்.

விஞ்ஞானம் பொய்யன்று. கசட்டிலுள்ள கல்சியம், நீர் காரத்தன்மை உற்றிருக்கையில், பொசுபேற்றுடன் சேர்ந்து வீழ்படிவாகின்றது. இரும்பும் அலுமினியமும் மிக்க கழிவுகள் அதனைத் தம் மேற்பரப்பிலே பற்றிக்கொள்கின்றன. புல்வரம்புகள் மண்துகளை மறிக்குமேயன்றிக் கரைந்த பொசுபரசைப் பெரிதும் மறிப்பதில்லை. ஆகவே இக்கழிவுகளுக்கு ஓர் இடமுண்டு. கோழியெருவால் மண்ணிற் பொசுபரசு மிகைப்பட்ட மேரிலாந்தின் கீழ்க்கரையில், அனல்மின் நிலையப் புகையினின்று கந்தகத்தை அகற்றுகையிற் கிடைக்கும் ஜிப்சம் வடிகால்களில் இவ்வாறே பயன்படுத்தப்பட்டது.

ஆயின், பற்றிக்கொள்வது ஒருநாள் நிரம்பும். நியூசிலாந்தின் வையுக்கு என்னும் ஊரில் 1993 முதல் உருக்காலைக் கசட்டுப் படுகைகள் நகரக் கழிவுநீரை வடித்தன. முதல் ஐந்தாண்டுகள் பொசுபரசில் ஏறத்தாழ 77 வீதம் அகன்றது. பின்னர் அவற்றின் கொள்திறன் தீர்ந்தது. அது ஒருவாறு சீராக வரும் நீர். வயல்நீரோ அத்தகையதன்று; ஆண்டின் பொசுபரசிற் பெரும்பங்கு சில பெருமழைகளிலேயே வெளியேறுகின்றது. மெதுவாகச் செல்லும் நீருக்கென அமைத்த படுகையை அந்த வெள்ளம் கடந்தே போகும்.

2014 ஓகஸ்டில் ஈரி வாவிக்கரையிலுள்ள ரொலிடோ நகரில் நடந்ததை இவ்விடத்து நினைத்தல் தகும். நீலப்பச்சை அல்காவின் நச்சு குழாய்நீரிற் கலந்தது. ஏறத்தாழ 4 இலட்சம் மக்கள் மூன்று நாள் அந்நீரைப் பருக இயலாது போயிற்று. கொதிக்கவைத்தல் நச்சைச் செறிவாக்குமேயன்றி நீக்காது. இல்லத்தரசியின் கைமருந்தும் பயனற்றுப்போன நாட்கள் அவை. அந்த அல்காவுக்கு உணவூட்டியது, பெரும்பாலும், மோமீ ஆற்றின் படுகையிலுள்ள வயல்களிலிருந்து வந்த பொசுபரசு.

அதே வாவியை 1970களில் ஓரளவு மீட்டெடுத்தவை வடிகட்டிகள் மட்டுமல்ல. சலவைத்தூளின் பொசுபேற்றைக் குறைத்த விதிகளும், குழாய்வாய்களைக் கட்டுப்படுத்திய 1972ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்தே அதனைச் செய்தன. வயல்களின் மழைவழிநீரையோ அச்சட்டத்தின் 1987ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகவே விலக்கியது. நகரத்தானுக்குச் சட்டம், பெரும்பண்ணைக்குச் சலுகை! சட்டம் நுழையாத இடத்திற் கசட்டை நுழைப்பதே இன்றைய சாமர்த்தியம்.

பசளையை இன்றே நிறுத்தினும் மண்ணிற் சேர்ந்துள்ள பொசுபரசு பல்லாண்டு கசியுமே என்பர். உண்மை, அத்தகைய வயலின் வடிகாலிலே கசடு இடப்படட்டும். ஆனால், மண்பரிசோதனை போதுமெனக் காட்டிய பின்னரும் அதே வயலில் எருவைக் கொட்ட அனுமதித்துக்கொண்டு, கீழே பொதுப்பணத்தில் வடிகட்டி கட்டுவது எவ்வகை நியாயம்? நிரம்பிய கசட்டை அகழ்பவர் யார், அதைக் கொட்டுமிடம் யாது, செலவு ஆலையுடையதா, பண்ணையுடையதா, வரிசெலுத்துவோனுடையதா? படுகை வெட்டுமுன் இவற்றுக்கு எழுத்தில் விடை தரப்படவேண்டும்.