கொல்லத்துக் கடலடி மணலின் வயது

கொல்லம் கடற்கரைக்கு அப்பால் மூன்று கட்டுமான மணல் தொகுதிகளை ஏலத்திற்கு விடுவதாக ஒன்றியச் சுரங்க அமைச்சகம் 2024 நவம்பரில் அறிவித்தது. திட்டத்தைக் கைவிடக் கோரி 2025 மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் திருவனந்தபுரத்தில் தீர்மானம் நிறைவேற்றியது. இடைப்பட்ட மாதங்களில் மீனவர் வாழ்வு, மாநில உரிமை, தனியார் ஆதாயம் என எல்லாம் விவாதிக்கப்பட்டன. அந்த மணல் எப்போது, எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தது என்ற கேள்விக்கு மட்டும் மேடைகளில் இடம் கிடைக்கவில்லை. வழக்கின் சாரமே அதில்தான் இருக்கிறது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று கேரளத்தின் கண்டத்திட்டு எனப்படும் ஆழங்குறைந்த கடலடியின் பெரும்பகுதி அன்று வெறும் நிலம். மேற்குத்தொடர்ச்சி மலையில் பிறந்த ஆறுகள் அதன்மீது ஓடித் தொலைவில் கடலைச் சேர்ந்தன. மேற்குக் கடற்கரைக்கான கடல்மட்ட வரைகோட்டை ஹாஷிமி, நிகம், நாயர், ராஜகோபாலன் ஆகியோர் 1995இல் வெளியிட்டனர். அதன்படி 14,500 ஆண்டுகளுக்கு முன் கடல் சுமார் 100 மீட்டர் கீழே இருந்தது. 12,500 ஆண்டுகளுக்கு முன் 80 மீட்டருக்கு உயர்ந்து ஏறத்தாழ அங்கேயே தங்கியது. பின்பு 10,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்வரையான காலத்தில் விரைந்து ஏறி, இன்றைய நிலையை நெருங்கியது.

இந்த வேக வேறுபாடே படிவுகளின் தலைவிதியைத் தீர்மானித்தது. கடல் ஓரிடத்தில் தங்கும்போது ஆறு கொணரும் மணலை அலைகள் வாரிக் கரைமேடுகளாகக் குவிக்கின்றன. விரைந்து ஏறும்போதோ, மேடுகளை முழுவதும் கரைத்து உடன் கொண்டுசெல்ல அலைகளுக்கு அவகாசமில்லை. மேற்பகுதியைச் சீவிவிட்டு எஞ்சியதை மூழ்கடித்துக் கடல் கடந்துபோகிறது. எச்சப் படிவு என்று படிவியலார் குறிப்பிடுவது இதைத்தான். உலகக் கண்டத்திட்டுகளின் பரப்பில் சுமார் 70 விழுக்காடு இத்தகைய பழம்படிவுகளே என எமரி 1968இல் மதிப்பிட்டார். அவற்றின் மேற்பரப்பை இன்றைய அலைகளும் நீரோட்டங்களும் ஓரளவு மாற்றி எழுதுகின்றன என்ற திருத்தம் பின்னர் வந்தது. ஆயினும் மணலின் பிறப்புக் காலம் அதனால் மாறிவிடவில்லை.

ஏறிய கடல் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் முகங்களையும் நிரப்பியது. அஷ்டமுடி, வேம்பநாடு முதலிய காயல்கள் உருவான கதையில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. கல்லடையாறு இன்று நேரே கடலில் கலப்பதில்லை. அஷ்டமுடிக் காயலில் விழுகிறது. பருமணல் பெரும்பாலும் காயலில் தங்கிவிட, நுண்சேறே வெளியேறுகிறது. அணைகளும் ஆற்றுமணல் கொள்ளையும் எஞ்சியதையும் குறைத்துவிட்டன. கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மணல் திட்டுக்குப் புதிய மணலைக் கொண்டுசேர்க்கும் ஆறு இப்போது இல்லை. மழைக்காலந்தோறும் கொஞ்சமேனும் நிரம்பும் ஆற்றுப்படுகையின் கணக்கு இதற்குப் பொருந்தாது. அடுத்த பனியுகம் வந்து கடல் மீண்டும் பின்வாங்கினாலொழிய இத்திட்டுக்கு வரவு கிடையாது!

கேரளக் கடலடியில் 74.5 கோடி டன் கட்டுமான மணல் உள்ளதாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை மதிப்பிட்டுள்ளது. அந்த எண்ணில் குறை காண வேண்டியதில்லை. ஆனால் இருப்பை மட்டும் சொல்லி வரவைச் சொல்லாத கணக்கைக் கொண்டு எந்தக் கடைக்காரரும் கடை நடத்தமாட்டார்.

எதிர்ப்பாளர்களின் வாதத்திலும் ஒரு பிசகு உண்டு. அங்கே மணலை அள்ளினால் திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கரை உடனே கரைந்துபோகும் என்ற அச்சம் எளிதில் பரவுகிறது. அத்தனை தொலைவும் ஆழமும் உள்ள படிவுக்கும் கரைக்கும் இடையே அன்றாட மணல் பரிமாற்றம் மிகக் குறைவு. சங்குமுகத்தின் அரிப்புக்குப் பருவமழை அலைகளும் கரையோரக் கட்டுமானங்களும் முதலில் பதில் சொல்ல வேண்டும். வலுவற்ற வாதத்தை முன்னிறுத்துவோர் வலுவானதை எதிராளியின் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

வலுவான வாதம் மீன்வளத்தைச் சார்ந்தது. மணற்பரப்பில் வாழும் உயிர்களை அதே மணல்தான் தாங்குகிறது. கொல்லம் பரப்பு கேரள மீனவருக்கு மட்டும் உரியதன்று; கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவருக்கும் அக்கடல் தொழிற்களமே. ஆகவே இது மலையாள நாட்டு விவகாரம் என்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒதுங்கியிருக்க முடியாது. மறுபுறம், கட்டடங்களுக்கு மணல் வேண்டும் என்பதும், மலையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டு மேற்குத்தொடர்ச்சி மலையைத் தின்கிறது என்பதும் உண்மை. கடலும் வேண்டாம், மலையும் வேண்டாம் என்போர் கட்டடத்தின் அளவைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

ஏலம் நடக்கிறதோ நிற்கிறதோ, அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தொகுதிதோறும் கடலடியில் குழாய் இறக்கி முழு ஆழத்துக்கும் படிவு மாதிரி எடுத்து, அடுக்கடுக்காக வயதைக் கணித்து, முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையமும் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் துறைகளும் இருக்கும் நகரத்தில் இது எட்டாக்கனி அன்று. கரைமேடு எது, ஆற்றுப்படுகை எது, இன்றைய அலை கலைத்த மேலடுக்கு எவ்வளவு தடிமன் என்பதை அந்த மாதிரிகளே காட்டும். தூர்வாரும் கப்பல் ஒருமுறை சென்றுவந்த இடத்தில் அடுக்குகளே இருக்கமாட்டா.