ஆடு வளருமுன் கடன் வளருது!

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டு வருகிற பெண் போன மாதம் கூடையை இறக்கி வைத்ததும், "ஆச்சி, ஒரு ரெண்டாயிரம் கைமாத்தாக் கிடைக்குமா? நாளைக்குக் குழுவுக்குக் கட்டணும்" என்றாள். எதற்கு வாங்கிய கடன் என்று கேட்டேன். ஆடு வாங்க 30,000 ரூபாயாம். மாதம் 2,800 வீதம் 12 தவணை. "நூத்துக்குப் பன்னெண்டு வட்டிதான்னு சொன்னாக" என்றாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டிக் கணக்கு எங்கள் ஊருக்குப் புதிதா என்ன! அசல் மாதாமாதம் குறைந்தாலும் முழு 30,000க்கும் வருஷம் பூரா வட்டி போட்டிருக்கிறார்கள். குறைகிற அசலுக்குப் பார்த்தால் 21க்கு மேல் போகிறது.

வட்டியைவிட என்னை உறுத்தியது தவணைதான். ஆடு சினைப்பட்டு ஈன ஐந்து மாதம். குட்டி விலை போக இன்னும் ஆறு மாதமாவது ஆகும். தவணையோ அடுத்த மாதமே ஆரம்பம்! கீரைக்காசு அதற்குப் போகிறது. போதாததற்கு இன்னொரு இடத்தில் கடன்.

விளைச்சலும் தவணையும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் முன்னோர் பர்மாவில் பார்த்தவர்கள். 1930களில் நெல் விலை விழுந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938ல் 25 ஆனது. நிலத்துக்கு ஆசைப்பட்டா போனார்கள்? கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. கடைசியில் அதுவும் தங்கவில்லை.

"குழு" என்று அவள் சொன்னதிலும் குழப்பம் இருக்கிறது. 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு வேறு. அதில் முதலில் சேமிப்பு, பிறகு தங்களுக்குள் சுற்றுக்கடன், அதன் பின்புதான் வங்கிக்கடன். குட்டி விற்ற பிறகு கட்டுகிறேன் என்றால் பேசி முடிவு செய்ய இடமுண்டு. தனியார் நிறுவனங்கள் சேர்க்கிற குழுவில் பெரும்பாலும் சேமிப்பே கிடையாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும், அவ்வளவுதான்.

சகோதரிகளே, ரிசர்வ் வங்கி விதி 2022 ஏப்ரலிலிருந்தே இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு இப்படி ஜாமீனில்லாக் கடன் தரும்போது, அந்தக் குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9க்கு முன்னும் மாலை 6க்குப் பின்னும் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. உண்மையான வட்டியை, வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும். மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025ல் தமிழக அரசும் சட்டம் கொண்டு வந்திருக்கிறது. ஆனால் இவள் வீட்டு வாசலில் ராத்திரி எட்டு மணிக்கல்லவா வந்து நிற்கிறார்கள்!

கடன் தாளைக் கொண்டு வரச் சொன்னேன். பத்திரமாகத் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். முழுக்க இங்கிலீஷ்.

கைமாற்று கொடுத்தேன். கால்நடை வளர்ப்பவர்களுக்கும் இப்போது கிசான் கிரெடிட் கார்டு உண்டு என்பதால், அடுத்த வாரம் அவளை அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறேன். என்ன சொன்னார்கள் என்று பிறகு எழுதுகிறேன்.

- ஒரு வாசகி, காரைக்குடி.