உறையிட்டவனே உறையை எடுக்க!

மாஞ்சோலை மலையிற் பெய்யும் மழை மணிமுத்தாறாய் இறங்கிப் பொருநையிற் கலக்கின்றது. அம்மலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. ஆங்கு நெகிழிப் பை கொண்டு செல்லத் தடையுண்டு. தடை நன்றே. ஆனால் தடுக்கப்படுபவன் யார்? பையைக் கையிற் கொண்ட எளியவன்! அதனைச் செய்தவனையும் விற்றவனையும் எந்தச் சாவடியும் நிறுத்துவதில்லை.

இணையவழி வணிகம் இம்முறைகேட்டைப் பெருக்கியுள்ளது. விரலளவுப் பொருளுக்கு முழநீளப் பெட்டி, உள்ளே காற்றடைத்த நெகிழிப் பைகள், மேலே ஒட்டுநாடா. பொருள் வீட்டில் தங்கும். உறையோ தெருவுக்கும், வாய்க்காலுக்கும், முடிவிற் பொருநைக்கும் போய்ச் சேரும். வருவாய் தொலைவிலுள்ள வணிகனுக்கு. குப்பை அள்ளும் செலவு அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் வரி கட்டுவார்க்கு!

சட்டம் இல்லாமலில்லை. 2022 பிப்பிரவரியில் நடுவணரசு வெளியிட்ட நெகிழிக் கழிவு நெறிமுறைகள் இணைய அங்காடிகளையும் பொறுப்பாளராக்கின. ஆயினும் கணக்கு எடையளவில் மட்டுமே. எங்கோ ஓர் ஆலை உருக்கிய நெகிழிக்குரிய சான்றிதழை விலைக்கு வாங்கிக் காட்டினும் கடன் தீர்ந்ததாகும். பொருநைக் கரையிற் கிடக்கும் உறை கிடந்தபடியே கிடக்கும்.

திரும்ப எடுத்தல் ஆகாத செயலா? 2022இல், உயர்நெறிமன்றத் தலையீட்டால், நீலமலையின் அரசு மதுக்கடைகளிற் புட்டிக்கு 10 உருபா கூடுதலாகப் பெற்று, வெறும்புட்டி தந்தார்க்குத் திருப்பியளிக்கும் முறை வந்தது. 2024 திசம்பரில் நெல்லைச் சிற்றூர்களிற் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாய ஆணைப்படி கேரளமே சரக்குந்துகளில் அள்ளிச் சென்றது. அண்டை மாநிலத்திற்குப் பொருந்தும் அறம் அங்காடிக்காரனுக்குப் பொருந்தாதா?

எனவே, உறைக்குப் பிணைத்தொகை வேண்டும். பொருள் கொணர்பவரிடமே வெற்றுறையைத் திருப்பித் தரும் உரிமை வேண்டும்; அச்சுமைக்குரிய கூலியை நிறுவனமே அவர்க்குத் தரல் வேண்டும். திரும்ப எடுத்த கணக்கும் ஊர்தோறும் காட்டப்படல் வேண்டும். விலை உயரும் என்பர். அவ்விலையை வரியாகவும் ஆற்றின் நஞ்சாகவும் தமிழர் இன்றே கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றனர்!

பனையோலைப் பெட்டியிற் கருப்பட்டியும், வாழையிலையிற் பூவும் பொதிந்து விற்றான் தமிழ் வணிகன். அவன் தந்த உறையை மண்ணே உண்டது. மண் உண்ணாத உறையைத் தருபவன், அதனைத் தானே மீட்டுச் செல்லட்டும். தமிழ் மண் எவன் வருவாய்க்கும் குப்பைமேடு அன்று!