‘முடியாது’ என்று சட்டம் சொல்லவில்லை

‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவுகளின் கீழ் வழக்குப்பதிவு.’ நாளிதழ் படிக்கும் எவருக்கும் மனப்பாடமான வரி இது. தவறான வரியும்கூட. வெளிவரவே முடியாத பிரிவு என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. மிகக் கடுமையான சிறப்புச் சட்டங்களிலும் நிபந்தனைகள் இறுகுமே தவிர, கதவு அடைபடுவதில்லை.

சட்டம் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு வகையில் ஜாமீன் கைதானவரின் உரிமை. பிணை கொடுத்தால் காவல் நிலையத்திலேயே விட்டாக வேண்டும். மற்ற வகையில் அது கேட்டுப் பெற வேண்டியது. பெரும்பாலும் நீதிமன்றம் முடிவு செய்யும். ‘நான்-பெயிலபிள்’ என்பதற்கு இவ்வளவுதான் பொருள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480-வது பிரிவு, தூக்குத் தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமானாலும், பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் ஆகியோரை ஜாமீனில் விடலாம் என்கிறது. 187-வது பிரிவின்படி 60 நாளில், கொடுங்குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே ஆகிவிடுகிறது.

இந்த இருவகைப் பாகுபாடு குற்றத்தின் கொடுமையை அப்படியே அளக்கும் கோலும் அல்ல. பத்தாயிரம் ரூபாய் செல்போனைத் திருடினால் ஜாமீனைக் கேட்டுத்தான் பெற வேண்டும். கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஓர் உயிரைப் பறித்தவருக்கோ ஜாமீன் உரிமை. இது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் செல்போன் திருடியதாகப் பிடிபட்ட பையனின் தாய், “வெளிய வரவே முடியாதாம்” என்று அழுதுகொண்டு நிற்கிறாள். ஸ்டேஷன் வாசலில் “நான் பாத்துக்கறேம்மா” என்று வரும் இடைத்தரகருக்கு அந்த அழுகைதான் மூலதனம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவளுக்கு இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். முடியாது என்று நம்பியவள் எங்கே கேட்பாள்?

விபத்து வழக்கிலும் இதே கதை. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று ஒவ்வொரு எஃப்.ஐ.ஆரிலும் எழுதப்படும் தொடர் இரண்டு இடங்களுக்குப் போகிறது. குற்றவியல் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும். ஓட்டுநர் விடுதலையானார் என்ற செய்தியோடு ‘கேஸ் போச்சு’ என்று மனமுடைந்துபோகும் குடும்பத்துக்கு, இழப்பீட்டுக் கதவு அதனால் தானாக மூடாது என்று சொல்ல ஆள் வேண்டும். ஒரே கவனக்குறைவுக்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு என்பதை 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது: மருத்துவரைக் குற்றவாளியாக்கப் பெருங்கவனக்குறைவு வேண்டும், இழப்பீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

ஒப்பந்தத்தில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. அங்கே ‘செல்லாது’ என்ற ஒற்றைச் சொல் மக்களை அசட்டையாக்குகிறது. 18 வயது நிறையாதவர் போட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. 1903-இல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் உறுதிசெய்த விதி அது. மிரட்டி வாங்கிய கையெழுத்து அப்படியல்ல. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, மிரட்டப்பட்டவர் மறுக்கும்வரை அந்த ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். “மிரட்டி வாங்கின கையெழுத்து, எங்கே செல்லப்போவுது” என்று சும்மா இருந்து, மிரட்டல் ஓய்ந்த பிறகும் மாதாமாதம் தவணை கட்டி வருபவர், தாமே அந்தப் பத்திரத்தை ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதாட இடம் கொடுக்கிறார்.

ஆகவே நாளிதழ் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘நீதிமன்றத்தில் ஜாமீன் கேட்க வேண்டிய பிரிவுகளின் கீழ் வழக்குப்பதிவு’ என்று எழுதுங்கள். தலைப்பில் அடங்காவிட்டால் செய்திக்குள்ளாவது எழுதுங்கள்.